இடுப்பு மூட்டு ஆபரேஷன்: விழுவதற்கு முன்பே விலை கேட்டு வையுங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், மூத்த குடிமக்களுக்கான நேரத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத பலர் கேட்டதால் முழுமையாகத் தருகிறோம்.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்ததும் இல்லை. நம் வாட்ஸ்அப் குழுவில் சில மாதங்களாக ஒரே கேள்வி மூன்று முறை வந்தது. "உங்க அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் பண்ணீங்களே, எவ்வளவு ஆச்சு?" அதனால்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

முதல் முறை கேட்டவரிடம் "ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம்" என்று சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, "சார், நீங்க ஏமாந்துட்டீங்க. காஞ்சிபுரத்துலயே ஒன்னு நாற்பத்தஞ்சுக்குப் பண்றாங்களாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதே ஒன்று நாற்பத்தைந்தை எனக்கும்தான் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தில் செய்திருந்தால் எனக்கு இரண்டரை லட்சம் ஆகியிருக்கும். எப்படி என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு நடந்தது

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். வயது 78. எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கால் கொஞ்சம் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. எக்ஸ்ரே எடுத்ததும் இடுப்புப் பக்கம் தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள்.

அன்றைக்கு நான் ஒரு 'புத்திசாலித்தனம்' செய்தேன். உடனே ஒப்புக்கொள்ளாமல் நாலு இடத்தில் விலை கேட்கலாம் என்று நினைத்தேன். என் மச்சான் சென்னையில் இரண்டு இடத்தில் விசாரித்தார். நான் காஞ்சிபுரத்தில் அலைந்தேன். நடுவில் ஒரு பெரியவர், "ஆபரேஷன் எதுக்குப்பா, புத்தூர் கட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். அதைப் பற்றி ஒரு நாள் பேசினோம். இப்படியே மூன்று நாள் ஓடிவிட்டது. அந்த மூன்று நாளும் அப்பா படுத்த படுக்கையில் இருந்தார். ஆபரேஷனுக்குள் போகும்போதே நெஞ்சில் சளி கட்டியிருந்தது.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அப்பா முழுதாக எழுந்து நடக்கவே இல்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம்தான் இருந்தார். அந்த மூன்று நாளால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது. வயதானவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால், உடல்நிலை இடம் கொடுக்குமானால் ஒன்றிரண்டு நாளுக்குள் ஆபரேஷன் முடிந்துவிட வேண்டும். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நெறி, சேர்த்த அன்றோ மறுநாளோ செய்யச் சொல்கிறது. படுத்தே இருந்தால் நுரையீரலில் சளி, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

விலை ஒப்பிட்டது தப்பில்லை. நான் ஒப்பிட்ட நேரம் தப்பு. இந்த உரையில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: எலும்பு முறிந்த பிறகு விலை விசாரிக்க நேரம் கிடையாது. விசாரிப்பதை இப்போதே, எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கும்போதே செய்து ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

எந்த ஆபரேஷன் என்று முதலில் கேளுங்கள்

"இடுப்பு ஆபரேஷன்" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது குறைந்தது மூன்று விதம். விலை ஒப்பிடும்போது பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இடுப்பு மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும். தொடை எலும்பின் தலை பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். பந்தையும் கிண்ணத்தையும் சேர்த்து மாற்றினால் அது முழு மூட்டு மாற்று. மூட்டு தேய்ந்தவர்களுக்கும், ரத்த ஓட்டம் குறைந்து பந்து கெட்டுப்போனவர்களுக்கும் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். இந்த இரண்டாவது வகை நாற்பது வயதுக்காரர்களுக்கும் வருகிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, குடிப்பழக்கம் இரண்டும் முக்கியமான காரணங்கள்.

பந்தை மட்டும் மாற்றினால் அது பாதி மூட்டு மாற்று. விழுந்து எலும்பின் கழுத்து முறிந்த, வயது அதிகமான, அதிகம் நடமாடாத பெரியவர்களுக்கு இதைச் செய்வார்கள். செலவும் குறையும். கழுத்துக்குச் சற்றுக் கீழே முறிந்திருந்தால் மூட்டை மாற்றவே வேண்டியதில்லை. உள்ளே கம்பியோ தகடோ வைத்து நிறுத்திவிடுவார்கள். அது வேறு செலவு.

அதனால் "பக்கத்து வீட்டு மாமாவுக்கு எண்பதாயிரத்தில் முடிந்தது" என்று யாராவது சொன்னால், அது இந்த மூன்றில் எது என்று கேளுங்கள். கம்பி வைத்த விலையை முழு மூட்டு மாற்றின் விலையோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

புத்தூர் கட்டு பற்றியும் ஒரு வார்த்தை. கை முறிவு, விரல் முறிவுக்கு நம் பக்கத்தில் பலர் போகிறார்கள், அது அவரவர் விருப்பம். ஆனால் பெரியவர்களுக்குத் தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகிவிட்டால் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டமே அறுந்துபோகிறது. வெளியே கட்டுப் போட்டு அதைச் சேர்க்க முடியாது.

அம்மாவுக்காக நான்கு இடத்தில் கேட்டது

அம்மாவுக்கு வந்தது தேய்மானம். விழவில்லை. வலி இரண்டு வருடமாக இருந்தது. மாத்திரையில் அடங்காமல் போன பிறகுதான் ஆபரேஷன் என்று முடிவு செய்தோம். அதனால் ஆறு வாரம் அவகாசம் இருந்தது. நான்கு இடத்தில் கேட்டேன். பெயர்களைச் சொல்லப்போவதில்லை. விலைகள் மாறும். ஒரு நோயாளிக்குச் சொன்ன தொகை இன்னொருவருக்குப் பொருந்தாது. கணக்கு எப்படி விரிகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

முதல் இடம், காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் நர்சிங் ஹோம். பேக்கேஜ் 1,45,000 ரூபாய். கேட்டதும் மனசு குளிர்ந்துவிட்டது. "இதில் இம்ப்ளான்ட் சேர்ந்ததா?" என்று கேட்டேன். "இல்லை சார், அது தனி." எவ்வளவு? 85,000. இதய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆபரேஷனுக்கு முன் பொது மருத்துவர் பார்த்துத் தகுதி சொல்வது, இவை 6,000. நான்கு நாள் கணக்குதான் பேக்கேஜ். அதற்கு மேல் தங்கினால் ஆகும் வாடகை, மருந்து, ரத்தம் ஏற்றினால் அதற்கான செலவு, எல்லாம் சுமார் 14,000. கூட்டிப் பாருங்கள், இரண்டரை லட்சம்.

இரண்டாவது, ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 1,70,000 ரூபாய். இம்ப்ளான்ட் உள்பட. நான்கு பேர் இருக்கும் அறை. பரிசோதனை 7,000, மருந்து 8,000 தனி. ஆக 1,85,000.

மூன்றாவது, சென்னையில் ஒரு பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரி. இருவர் அறையில் 3,40,000 ரூபாய். பரிசோதனைகள் உள்பட. தனி அறை கேட்டால் 3,95,000. நாங்கள் போய்வர, கூட இருப்பவர் தங்கிச் சாப்பிட என்று 15,000 போட்டுக்கொண்டேன். ஆக 3,55,000.

நான்காவது, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. படுக்கைக்கோ ஆபரேஷனுக்கோ கட்டணம் இல்லை. ஆனால் எங்கள் வருமானத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடையாது. அவசரமில்லாத ஆபரேஷன் என்பதால் காத்திருக்கவும் வேண்டும். அம்மாவுக்கு அப்போது ராத்திரித் தூக்கமே இல்லை.

முதலில் சொன்ன தொகையை வைத்து வரிசைப்படுத்தினால் நர்சிங் ஹோம்தான் மலிவு. எல்லாவற்றையும் கூட்டிய பிறகு அதைவிட மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 65,000 ரூபாய் குறைவு. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் "பேக்கேஜ்" என்ற சொல்லுக்குள் வேறு வேறு சாமான்களைப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் இரண்டாவது இடத்தில் செய்தோம். கடைசி பில் 1,91,400. எஸ்டிமேட்டைவிட 6,400 கூட. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியதால் ஒரு நாள் அதிகம் இருந்தோம். அதற்கான கணக்கு வரிவரியாகத் தந்தார்கள்.

இம்ப்ளான்ட்: பில்லில் பெரிய புதிர்

விலையை அதிகம் மாற்றுவது உள்ளே வைக்கும் செயற்கை மூட்டுதான். இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, சிமென்ட் வைத்து ஒட்டுவதா, இல்லை எலும்பே வளர்ந்து வந்து பிடித்துக்கொள்ளும்படி செருகுவதா? இரண்டாவது, பந்து உலோகமா, செராமிக்கா? கிண்ணத்தின் உள்பக்கம் பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கா, செராமிக்கா?

செராமிக் என்றால் விலை ஏறும். "விலை அதிகம், அதனால் நல்லது" என்று அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைய இடுப்பு மாற்று ஆபரேஷனுக்கு வழிகாட்டியவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. 1962இல் அவர் வைத்தது உலோகப் பந்தும் பாலிஎதிலீன் கிண்ணமும் சிமென்ட்டும். அதன் மேம்பட்ட வடிவங்கள் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, நூறு இடுப்பு மாற்றுகளில் சுமார் 58 இருபத்தைந்து வருடம் தாங்குவதாகச் சொன்னது. எழுபது வயதில் வைப்பவருக்கு எது தேவை, நாற்பது வயதுக்காரருக்கு எது தேவை என்பது வேறு வேறு கேள்வி. "என் அம்மாவின் வயதுக்கும் நடமாட்டத்துக்கும் இந்த விலை கூடிய வகையால் என்ன கூடுதல் பலன்?" என்று டாக்டரிடமே கேளுங்கள். எங்கள் டாக்டர் ஐந்து நிமிடம் பொறுமையாக விளக்கி, நடுத்தர விலை வகையையே சொன்னார்.

இன்னொன்று. முழங்கால் மூட்டுக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் விலை உச்சவரம்பு வைத்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டின் சராசரி விலை 1,58,324 ரூபாயாக இருந்தது, 54,720 ஆனது, ஜிஎஸ்டி தனி. இடுப்பு மூட்டுக்கு அப்படி ஒரு உச்சவரம்பு இல்லை. வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் எம்.ஆர்.பி.யை ஏற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும்தான். முழங்காலுக்கு ஆன செலவை வைத்து இடுப்புக்குக் கணக்குப் போடாதீர்கள்.

விலையைவிட முக்கியமான ஒன்று இம்ப்ளான்ட் ஸ்டிக்கர். பெட்டியில் கம்பெனி பெயர், மாடல், லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்றால், ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டெப்யூ நிறுவனம் ஏ.எஸ்.ஆர். என்ற உலோக இடுப்பு மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அது வைக்கப்பட்டிருந்தது. 2018இல் இழப்பீடு பற்றி அரசு முடிவெடுத்தபோது, நோயாளிகளில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. உள்ளே இருப்பது எது என்று காட்டத் தாள் இல்லாதவர் என்ன கேட்க முடியும்? அம்மாவின் ஸ்டிக்கரை நான் போட்டோ எடுத்து மூன்று பேர் போனில் வைத்திருக்கிறேன்.

யார் பணம் கட்டுவது

இந்தப் பகுதியைக் கவனமாகக் கேளுங்கள். நம் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் வழி வேறு.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் அக்காக்கள், காவலாளி அண்ணன், தண்ணீர் போடும் தம்பி, பலருக்கு இது பொருந்தும். அவர்களிடம் அட்டை இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் அட்டை, ஆதாரோடு காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்தில் பதிவு செய்யலாம். எந்த ஆஸ்பத்திரியில் எந்த ஆபரேஷனுக்கு இந்தத் திட்டம் செல்லும் என்பதை 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். விழுந்த பிறகு அட்டைக்கு அலைவது, நான் விலைக்கு அலைந்ததைப் போலத்தான்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் வீட்டில் இருக்கிறீர்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. உங்களைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவையும் அதில் சேர்க்கலாம். பலர் மனைவி பிள்ளைகளை மட்டும் சேர்த்துவிட்டுப் பெற்றோரை விட்டுவிடுகிறார்கள். அரசு ஊழியர்கள், ஓய்வூதியர்களுக்குத் தனிக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி எது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

சாலை விபத்தில் இடுப்பு முறிந்தால் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் நமக்குப் பக்கத்தில் மேல்மருவத்தூரில்தான் தொடங்கி வைத்தார்கள். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை.

தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியில் மூன்று வரி தேடுங்கள். முதல் வரி, மூட்டு மாற்றுக்குக் காத்திருப்புக் காலம். பாலிசி எடுத்து இரண்டு வருடமோ மூன்று வருடமோ ஆகாமல் தேய்மானத்துக்கு ஆபரேஷன் செய்தால் பணம் வராது. விபத்தில் முறிந்தால் பொதுவாக அந்தக் காத்திருப்பு பொருந்தாது. இரண்டாவது வரி, அறை வாடகை வரம்பு. வரம்பு 3,000 என்றிருக்கும்போது 6,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், கூடுதல் வாடகை மட்டும் உங்கள் கையைக் கடிக்காது. டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் பிடித்துக்கொள்வார்கள். மூன்றாவது வரி, மூட்டு மாற்றுக்கென்று தனி உச்சவரம்பு இருக்கிறதா என்பது. ஐந்து லட்சம் பாலிசி என்றாலும் இதற்கு ஒன்றரை லட்சம்தான் என்று உள்ளே எழுதியிருக்கலாம். இன்னொரு சின்ன விஷயம். ஐ.சி.யூ. தவிர, நாள் வாடகை 5,000 ரூபாயைத் தாண்டும் அறைக்கு 2022 ஜூலை முதல் ஐந்து சதவீத ஜிஎஸ்டி உண்டு.

டிஸ்சார்ஜ் நாளில் டி.பி.ஏ. அனுமதிக்காக மாலை வரை உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆஸ்பத்திரி கோரிக்கை அனுப்பிய மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் உத்தரவிட்டிருக்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பணிவாகக் கேளுங்கள்.

பில்லுக்கு வெளியே இருக்கும் செலவு

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பாதி வேலை. வாக்கர், உயரமான டாய்லெட் சீட், ரத்தக்கட்டி வராமல் தடுக்கும் மருந்து, பிசியோதெரபி, கட்டுப் பிரிக்கவும் பரிசோதனைக்கும் போய்வர வண்டி. எங்களுக்கு மூன்று மாதத்தில் இது 22,000 ரூபாய் ஆனது. எந்த எஸ்டிமேட்டிலும் இந்த வரி இல்லை.

நம் மாகறலில் இருந்து காஞ்சிபுரம் பதினாறு, பதினேழு கிலோமீட்டர். செங்கல்பட்டு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். சென்னை என்றால் அரை நாள் வேலை. செய்யாற்றில் வெள்ளம் வந்து வெங்கச்சேரிப் பக்கம் போக்குவரத்து நின்ற நாட்களையும் நாம் பார்த்திருக்கிறோம். புதிதாக மூட்டு வைத்தவரைக் காரில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் கூட்டிப்போவது சுலபமில்லை. தூரத்தையும் ஒரு செலவாகக் கணக்கில் போடுங்கள்.

பிசியோதெரபிக்கு வீட்டுக்கு வந்தவர் ஒரு தடவைக்கு 500 ரூபாய் வாங்கினார். வசதி இல்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து கேளுங்கள். மாத்திரைகளுக்கு முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் பெயரைக் காட்டி இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கடையில் வாங்குவது என்பது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைப் பட்டயத்தில், கட்டண விவரம் கேட்கும் உரிமையும், இன்னொரு டாக்டரின் கருத்து கேட்கும் உரிமையும், மருந்தைத் தான் விரும்பும் இடத்தில் வாங்கும் உரிமையும் இருக்கின்றன.

மலிவு மட்டும் போதாது

65,000 ரூபாய் மிச்சம் என்பதற்காக மட்டும் நாங்கள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்டேன். மாதத்துக்கு எத்தனை இடுப்பு மாற்று செய்கிறீர்கள்? இன்ஃபெக்‌ஷன் வந்தால் என்ன செய்வீர்கள், அந்தச் செலவு யாருடையது? ராத்திரி ஏதாவது ஆனால் ஐ.சி.யூ.வும் மயக்க டாக்டரும் இங்கேயே இருக்கிறார்களா? கோபப்படாமல் நேராகப் பதில் சொன்னார். மூட்டில் சீழ் பிடித்தால் திரும்பத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், சில சமயம் மூட்டையே எடுத்து மறுபடி வைக்க வேண்டும். அப்போது முதல் ஆபரேஷனில் மிச்சம் பிடித்தது ஒன்றுமே இல்லாமல் போகும். அதனால் சர்க்கரை, பல் சொத்தை, சிறுநீர்த் தொற்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சரிசெய்த பிறகுதான் அம்மாவுக்குத் தேதி கொடுத்தார்.

எட்டுக் கேள்விகள்

இதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் இதே எட்டு, இதே வரிசை. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

1. முழு மூட்டு மாற்றா, பாதியா, கம்பியா?
2. இம்ப்ளான்ட் உள்ளே சேர்ந்ததா? கம்பெனி, மாடல், எம்.ஆர்.பி. என்ன?
3. எந்த வகை அறை, எத்தனை நாள்? கூடுதல் நாளுக்கு எவ்வளவு?
4. பரிசோதனை, மருந்து, ரத்தம், பொது மருத்துவர், மயக்க மருத்துவர் உள்ளேயா வெளியேயா?
5. ஐ.சி.யூ. தேவைப்பட்டால் நாளுக்கு எவ்வளவு?
6. எந்தக் காப்பீடு செல்லும்? முன்பணம் எவ்வளவு?
7. பிசியோதெரபி எத்தனை தடவை சேர்ந்தது? மறுபரிசோதனைக்குக் கட்டணம் உண்டா?
8. இன்ஃபெக்‌ஷன் வந்தால் செலவு யாருடையது?

வீட்டில் அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஒருவர் இருந்தால், இரண்டு இடத்திலாவது இந்தத் தாளைக் கொண்டுபோய்க் கேட்டு வையுங்கள். ஒன்று பக்கத்தில், ஒன்று கொஞ்சம் பெரிய இடம். அவர்களுடைய மாத்திரைப் பட்டியல், ரத்த வகை, காப்பீட்டு அட்டை நகல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கவரில் போட்டு அலமாரியில் வையுங்கள். ராத்திரி விழுந்தாலும் எடுத்துக்கொண்டு 108இல் ஏறலாம். அப்போது உட்கார்ந்து யோசிக்க வேண்டியது ஒன்றும் இருக்காது. ஒருவேளை கவர் தயாராக இல்லாமல் விழுந்துவிட்டால், என்னைப் போல அலையாதீர்கள். எலும்பு டாக்டரும் ஐ.சி.யூ.வும் உள்ள பக்கத்து ஆஸ்பத்திரியில் சேருங்கள். அரசு ஆஸ்பத்திரியானாலும் சரி.

சங்கத்துக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன். யாரிடமாவது சும்மா கிடக்கும் வாக்கர், டாய்லெட் சீட், ஊன்றுகோலைச் சங்க அலுவலகத்தில் வாங்கி வைத்து, தேவைப்படுபவர்களுக்குக் கொடுக்கலாம். அம்மாவுடைய வாக்கரை முதலில் நான் தருகிறேன். ஆபரேஷன் செய்துகொண்ட வீடுகள் பெயர் போடாமல் தங்கள் எஸ்டிமேட், பில் இரண்டின் நகலையும் ஒரு ஃபைலில் சேர்க்கலாம். அடுத்தவர் கேட்கும்போது "எவ்வளவு ஆச்சு?" என்பதற்கு ஒற்றை எண்ணுக்குப் பதிலாக முழுக் கணக்கு கிடைக்கும். மூன்றாவது, எல்லாப் பிளாக்கிலும் பெரியவர்கள் உள்ள பாத்ரூம்களில் கைப்பிடிக் கம்பி போட ஒரே ஆளை வைத்து மொத்தமாக வேலை முடிக்கலாம். எங்கள் வீட்டில் இரண்டு கம்பி போட 1,800 ரூபாய் ஆனது. அப்பா இருந்தபோது அது என் நினைவுக்கு வரவில்லை.

அம்மா இப்போது வாக்கர் இல்லாமல் நடக்கிறார். போன பிரதோஷத்துக்கு மாகறலீஸ்வரர் கோயிலில் மெதுவாக ஒரு சுற்று வந்தார். தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் மண்டபத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். "உங்க அப்பாவுக்கும் இப்படிப் பார்த்து வெச்சிருக்கலாமே" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

உங்கள் வீட்டில் அந்தக் கேள்வி வராமல் இருக்கட்டும். இந்த வாரமே கவரைத் தயார் செய்யுங்கள்.